காலி அலமாரிக்குப் பூட்டு

மகள் பிறக்கும் முன்பே இந்த வெளிநாட்டு நகரத்துக்கு வெல்டராக வந்தவன், இன்று ஒரேயடியாகக் கிளம்புகிறேன். மதிய வெயில் என் கட்டிலின் வெறும் பலகையில் விழுந்து கிடக்கிறது. ஜன்னலுக்கு வெளியே நான் பற்றவைத்த பாலம் மினுங்குகிறது. ஊருக்குப் போகணும், போகணும் என்று இந்தக் கட்டிலில் படுத்துத்தான் புலம்பியிருக்கிறேன். பெட்டியைக் கட்டிவிட்டு, லீவில் போகிற பழக்கத்தில் அலமாரியைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியைச் சட்டைப்பையில் போடுகிறேன். மேல்கட்டிலில் படுக்கும் பெயிண்டர் சிரிக்கிறான். "காலி அலமாரிக்கு எதுக்குண்ணே பூட்டு? உள்ள புதையலா இருக்கு?" "கை அதுபாட்டுக்குப் பூட்டிடுச்சுடா." சட்டைப்பையைத் துழாவுகிறேன். சாவியை அவனிடம் கொடுக்கிறேன். அவன் அலமாரியைத் திறந்து தன் சோப்பு டப்பாவை உள்ளே வைக்கிறான். போன் அடிக்கிறது. மகள். "அப்பா, இந்தத் தடவை எத்தனை நாள் லீவு?" "லீவு இல்லடா கண்ணு. இனிமே அங்கதான்." "தினமும் நம்ம வீட்லயேவா இருப்பீங்க?" "ஆமா." "இருங்கப்பா, அம்மாகிட்ட கேட்டுட்டு வரேன்" என்று போனைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறாள். அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்கிறேன்.