கடைசிப் பத்து நிமிடம்

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டேகாலுக்குப் பதிவு தொடங்கியது. திருச்சுழியிலிருந்து துபாயில் இருக்கும் பாசித்துக்கு மாதம் ஒரு கேசட் போகும். கடிதத்துக்குப் பதிலாகக் குடும்பமே அதில் பேசி அனுப்பும். முதலில் அவன் அம்மா நசீமா, பிறகு தம்பி சின்ன மீரான். கடைசிப் பத்து நிமிடம் மனைவி பரக்கத் நிஷாவுக்கு.

அவள் வந்து மூன்று வருடம். அந்த வீட்டில் யாரும் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "இந்தா" என்பார்கள். சில நாள் அதுவும் இல்லை.

"மச்சான், வந்து என்னையக் கூட்டிட்டுப் போங்க. இல்ல, காரியாபட்டிக்கு எங்கம்மாட்டயே அனுப்பிருங்க. இந்த வீட்டுல ஆட்டுக்குக்கூடப் பேரு இருக்கு." அவர்கள் முன்னாலேயே ஆத்திரம் தீரப் பேசினாள்.

மீரான் கேசட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்டான். அம்மா கோடாலித் தைலம் வாங்கி அனுப்பச் சொன்னது இருந்தது. அவன் சிரிப்பு இருந்தது. பிறகு ஆடு கத்தியது, வளையல் குலுங்கியது. அவள் குரல் மட்டும் இல்லை.

ரெக்கார்டரைப் பிடுங்கி வாயருகே வைத்து மறுபடி பேசினாள். மறுபடியும் வளையல்தான். மூன்றாம் முறை தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். வாசலில் ஆடு தலை தூக்கிப் பார்த்தது.

நசீமா மீரான் பக்கம் திரும்பினாள்.

"கேசட்டுல பத்து நிமிசம் சும்மா கெடக்குதேடா. பேச வீட்டுல வேற யாரு இருக்கா?"