ரெம்ப்ராண்ட் அரைக் கிலோ

"ரெம்ப்ராண்ட் படத்துக்கு அரைக் கிலோ. அதுக்குக் குறைச்சா எனக்குக் கட்டுப்படியாகாது முதலாளி."

அருங்காட்சியகக் காவலர் டெஸ்மண்ட் கறாராகச் சொல்லிவிட்டார். யோஸ்ட் தலையைச் சொறிந்தார். ஆம்ஸ்டர்டாம் சந்தையில் நாற்பது வருஷம் சீஸ் விற்றவர் அவர். ருசி பார்க்கக் கொடுக்கும் துண்டையே எதிராளியின் முகத்தைப் பார்த்துத்தான் வெட்டுவார். இரண்டு வருஷம் முதிர்ந்த சீஸில் அரைக் கிலோ என்றால் நெஞ்சை அடைக்காதா?

"போன வாரம் பூ ஜாடிப் படத்துக்குக் கால் கிலோதானே வாங்கினீங்க வாத்தியாரே?"

"பூ ஜாடி வேற, ரெம்ப்ராண்ட் வேற. ஜாடியில நிழல் கம்மி."

யோஸ்ட் பொட்டலத்தை நீட்டினார். விலை படத்துக்கு அல்ல; படத்தைப் பற்றிப் பேசுவதற்கான நாலு வார்த்தைக்கு. இருபத்தாறு வருஷமாக அந்தக் கூடத்தில் நின்று, வந்த பேராசிரியர்கள் பேசியதையெல்லாம் கேட்டுக் கரைத்துக் குடித்தவர் டெஸ்மண்ட். செவ்வாய்தோறும் மதிய இடைவேளையில் பாடம். அவருடைய சீருடைப் பொத்தான் ஒன்று சில வாரமாகத் திணறிக்கொண்டிருந்தது. தன் சீஸின் மகிமை என்று யோஸ்டுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

அறுபத்தெட்டு வயதில் இந்தப் படிப்பு எதற்கு என்றால், லீஸ்பெத்துக்காக.

வயதானவர்களுக்கென்று வியாழக்கிழமைகளில் அதே அருங்காட்சியகத்தில் பத்து வார ஓவிய ரசனை வகுப்பு. மடக்கு முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஆசிரியையின் பின்னால் போய், வாரம் ஒரு படத்தின் முன்னால் உட்கார வேண்டியது. முதல் வாரம் பழமும் ரொட்டியும் சீஸும் பரப்பிய மேசை. நானூறு வருஷத்துப் படம். என்ன தெரிகிறது என்று ஆசிரியை கேட்டார்.

"இந்த சீஸுக்கு மூணு மாசம்கூட ஆகல. இதைப் போய் வரைஞ்சிருக்கான்" என்றார் யோஸ்ட்.

கூடமே சிரித்தது. பக்கத்து முக்காலியில் இருந்த லீஸ்பெத் மட்டும் சிரிக்கவில்லை. கணவரை இழந்தவர், நீலக் கழுத்துத் துணி கட்டியிருந்தார், படித்த களை. ஐந்தே நிமிஷத்தில் யோஸ்டுக்கு அவரைப் பிடித்துப் போயிருந்தது. அந்த மௌனம்தான் சிரிப்பைவிட அதிகமாகச் சுட்டது. மறு செவ்வாயே டெஸ்மண்டைப் பிடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு அடித்தது யோகம். எலுமிச்சம்பழத்தைப் பாதி உரித்து வரைவது ஏன், வெளியே அழகு, உள்ளே புளிப்பு, வாழ்க்கை அப்படித்தான் என்று டெஸ்மண்ட் சொல்லிக் கொடுத்திருந்தார். வியாழக்கிழமை லீஸ்பெத் சாய்ந்து, அந்த எலுமிச்சையை ஏன் பாதியில் விட்டிருக்கிறார்கள் என்று கேட்டார். யோஸ்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒப்பித்தார். அடுத்த வாரம் கடிதம் படிக்கும் பெண். அவளுக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருக்கும் கடல் படம் அமைதியாக இருந்தால் நல்ல சேதி என்பது செவ்வாய்ப் பாடம். லீஸ்பெத் நேராக அந்தக் கடலைத்தான் கேட்டார்.

ஆம்ஸ்டர்டாமில் காப்பியோடு ஆளுக்கு ஒரே ஒரு பிஸ்கட்தான் தருவார்கள். ஆறாவது வாரம் லீஸ்பெத் தன்னுடையதை எடுத்து யோஸ்டின் தட்டில் வைத்தார். அன்று ராத்திரி யோஸ்டுக்குத் தூக்கம் வரவில்லை.

ரெம்ப்ராண்டும் நல்லபடியாகத் தாண்டியது. ரொட்டியில் வெண்ணெய் தடவுவதுபோல படத்து ஆளின் சட்டைக் கையில் வண்ணத்தை அப்பியிருப்பது, வெளிச்சம் அங்கே தங்கத்தான் என்று யோஸ்ட் சொன்னபோது, லீஸ்பெத் படத்தை விட்டுவிட்டு அவரையே பார்த்தார்.

மிச்சம் ஒரு வாரம். வகுப்பு முடிந்தால் லீஸ்பெத்தைப் பார்க்க வேறு சாக்கு இல்லை. கடைசி நாளில் துணிந்து, சனிக்கிழமை தி ஹேக் நகரத்து அருங்காட்சியகத்துக்குப் போய்ப் படம் பார்க்கலாமா என்று கேட்டுவிடுவதென யோஸ்ட் முடிவு செய்தார். அதுவரை வேஷம் கலையக் கூடாது.

செவ்வாய்க்கிழமை பொட்டலத்தோடு போனால் டெஸ்மண்ட் இல்லை. வயிற்றுக் கோளாறாம், ஒரு வாரம் லீவு என்றார் புதுக் காவலர்.

வியாழக்கிழமை உறைந்த கால்வாயில் ஜனங்கள் சறுக்கி விளையாடும் படம். யோஸ்ட் எதையும் படித்து வரவில்லை. லீஸ்பெத் எதைக் கேட்டாலும் மாட்டிக்கொள்வார். ஆனால் லீஸ்பெத் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. குட்டு உடைந்துவிட்டது, இனி மறைத்துப் பலனில்லை என்று யோஸ்டுக்குத் தோன்றிவிட்டது.

காப்பி மேசையில் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்:

"எனக்குப் படத்தைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாதுங்க. இத்தனை நாள் பேசினது பூரா அந்தக் காவலர் டெஸ்மண்ட் சொல்லிக் கொடுத்தது. இந்த வாரம் அவர் இல்ல. நீங்க வாயைத் திறந்திருந்தா முழிச்சிருப்பேன். சனிக்கிழமை தி ஹேக்குக்கு ரயில்ல கூட்டிட்டுப் போகணும்னு ஆசை. புளுகினவன்கூட யாரு வருவாங்க?"

லீஸ்பெத் காப்பியை மெதுவாகக் கலக்கினார்.

"கேள்வி கேட்கணும்னுதான் நானும் வந்தேன். நேத்து புதன்கிழமை வந்து பார்த்தா, டெஸ்மண்ட் லீவுன்னுட்டாங்க. நீங்க என்ன பாடம் படிச்சிருக்கீங்கன்னு தெரியாம நான் எதைக் கேட்கிறது?"

"உங்களுக்கு எப்படி அது தெரியும்?" என்றார் யோஸ்ட்.

லீஸ்பெத் விரல் விட்டு எண்ணினார். "முதல் செவ்வாயே நீங்க பொட்டலமும் கையுமா அவர்கிட்ட பாடம் கேட்கிறதைப் பார்த்துட்டேன். எட்டுப் புதன்கிழமை. அந்த மனுஷனுக்கு எட்டு ஆப்பிள் கேக். உங்களுக்கு எட்டுக் கேள்வி. பாக்கி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. சனிக்கிழமை ரயில் எத்தனை மணிக்கு?"