உடைந்த முனைகள்

என் கை தவறி, நானூறு மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த கருங்கல் தரையெல்லாம் உருள்கிறது. யுரேனியக் கழிவை எந்தப் பாறைக்குள் புதைத்தால் லட்சம் வருஷம் வெளியே வராது என்று ஆராய, பூமியைத் துளைத்து எடுத்த கல் உருளைகள் அவை. டாக்டர் பட்டம் வாங்கியவன் ஒரு பெட்டியைப் பிடித்த லட்சணம் இது. சனிக்கிழமை மதியம். பெங்களூரின் இந்தக் கிடங்கில் நானும் உதவியாளர் லவினாவும் மட்டும். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வரும் லவினாவுக்கு ஊரிலேயே வேலை கிடைத்துவிட்டது. இன்று இங்கே கடைசி நாள். தரையில் உட்கார்ந்து, ஒரு துண்டின் உடைந்த முனையை இன்னொன்றோடு திருகித் திருகிப் பார்க்கிறார். பொருந்தியதும் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். ஜன்னல் வெயிலில் கல்லின் பொடி மினுங்குகிறது. ஓரத்தில் அவருடைய டிபன் டப்பா, கழுவிக் கவிழ்த்திருக்கிறது. ஆறு வருஷமாக அதில் பாதி எனக்கு.

"திங்கக்கிழமை ஒரு நடை வந்துட்டுப் போங்களேன்," என்கிறேன், வாரம் முழுக்கக் கேட்டதையே.

"பாக்கலாம் சார்."

வாரம் முழுக்க வந்த பதிலும் இதுதான். லட்சம் வருஷத்துக்குக் கணக்குச் சொல்கிறவனுக்குத் திங்கட்கிழமை யாரோடு சாப்பிடுவது என்று தெரியவில்லை. கடைசித் துண்டும் பெட்டிக்குள் போகிறது. என் கை தானாக அடுத்த பெட்டியின் விளிம்பைத் தொடுகிறது. லவினா நிமிர்ந்து பார்க்கிறார்.

"அதையும் கீழ போடாதீங்க சார். திங்கக்கிழமை நான் வரமாட்டேன்."