ஸ்பிரிங் சரியில்லை

"இந்தத் தடவை எது, மூக்கா வாலா?"

தஷ்ரீக் காரை விட்டு இறங்குவதற்குள், பட்டறை வாசலில் நின்ற நவால் கேட்டுவிட்டாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"வால்தான். வளைவுல பின்பக்கம் துள்ளுது."

"போன தடவை வளைவுல காரோட மூக்கு வெளியே ஓடுதுன்னீங்க. அதுக்காகப் பின்னாடி ஏழு கிலோ ஸ்பிரிங் போடச் சொன்னீங்க. இப்ப வால் துள்ளுதா?"

"ரொம்ப இல்லை. லேசா."

பட்டறையின் உள்ளே ஏதோ ஒரு எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்த அவளுடைய மாமா சேடிக், நிமிராமலே, "துள்ளுறது கார்தானான்னு கேளும்மா," என்றார்.

தஷ்ரீக்கின் காது மடல் சிவந்தது. கேப் டவுன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன் அவன். நாளெல்லாம் உயரத்தில் தனியாக உட்கார்ந்திருந்து பழகியதால், கீழே இறங்கினாலும் பேச்சு வராது.

பிப்ரவரியில்தான் முதன்முதலாக வந்தான். பந்தயத் தடத்தை யார் வேண்டுமானாலும் ஓட்டத் திறந்துவிடும் டிராக் நாட்களில் ஓட்டவென்று பார்த்துப் பார்த்துத் தயார் செய்த பழைய சிட்டி கோல்ஃப் காருக்கு, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாய்ச் சேர்ந்த காயில்ஓவர் மாட்ட வேண்டும் என்றான். ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும், எத்தனை கிலோ போடலாம் என்று முடிவு செய்ய நவால் நிறையக் கேள்வி கேட்டாள். உங்கள் எடை என்ன, இதே காரில்தான் வேலைக்கும் போவீர்களா, எந்த டயர். கடைசியாக, "எந்த வளைவுல உங்களுக்குப் பயம்?" என்றாள்.

அதுவரை யாரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை. நண்பர்களிடம் சொன்னால் மானம் போகும். அவளிடம் சொன்னான். "கடைசி வளைவு."

"எனக்கும் அதுதான்," என்றாள் அவள், டயரைத் தட்டிக்கொண்டே.

முன்னால் ஆறு, பின்னால் ஐந்து என்று பொருத்திக் கொடுத்தாள். கில்லார்னி பந்தயத் தடத்தில் கார் தண்டவாளத்தில் போவதுபோல் போனது. கடைசி வளைவில் பயமே இல்லை. போனில் நன்றி சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் அடுத்த சனிக்கிழமையே காரைக் கொண்டுவந்து நிறுத்தி, மூக்கு வெளியே ஓடுகிறது என்றான்.

அன்றிலிருந்து இதே கதை. என்ன குறை சொல்வது என்று வாரம் முழுக்கக் கிரேனில் உட்கார்ந்து ஒத்திகை பார்ப்பான். வரும்போது சமோசாப் பொட்டலம் வாங்கிவருவான். சேடிக் மாமா காரை உள்ளே கொண்டுபோவார். வாசலில் நவாலும் அவனும் டீ குடித்தபடி ஸ்பிரிங் பற்றிப் பேசுவார்கள். பேசுவது பெரும்பாலும் அவள்தான். திருப்தியாகும் வரை என் பொறுப்பு என்று கூலி வாங்கவும் மறுத்துவிட்டாள். அதுதான் அவனை உறுத்தியது.

இன்று அவள் டீ போடவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"இதுக்கு மேல என்னால ஆகாது. ஸ்டெல்லன்போஷ்ல ஒருத்தர் இருக்கார். உங்களைப் பத்திச் சொல்லிட்டேன். இனிமே அவர்கிட்டக் கொண்டுபோங்க."

தஷ்ரீக் கார்ச் சாவியை இறுகப் பிடித்தான். "அவர் எப்படி?"

"அறுபது வயசு. பாதிப் பல்லு கிடையாது. ஸ்பிரிங் விஷயத்துல புலி."

"வேண்டாங்க."

"ஏன், பல்லு இருந்தாத்தான் போவீங்களா?"

அவன் சிரிக்கவில்லை. காரின் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கார் நல்லாத்தான் இருக்கு."

"எப்பலேருந்து?"

"முதல் நாள்லேருந்து."

"அப்ப மூக்கு?"

"ஓடலை."

"வால்?"

"துள்ளலை."

உள்ளே ஸ்பானர் சத்தம் நின்றது. தஷ்ரீக் கண்ணை மூடிக்கொண்டு, உயரத்திலிருந்து பெட்டியை இறக்குவதுபோல் ஒவ்வொரு சொல்லாக இறக்கினான்.

"சனிக்கிழமை ஆனா இங்க வரணும்னு இருக்கு. உங்களைப் பார்க்கணும்னு இருக்கு. வர்றதுக்கு வேற காரணம் தோணலை. அதனால பொய் சொன்னேன். இத்தனை மாசமா மாமாவையும் சும்மா ஸ்பிரிங்கைக் கழட்ட வெச்சு, மாட்ட வெச்சு... தப்புதான். இதுவரைக்குமான கூலியை வாங்கிக்குங்க. இனிமே வந்து தொந்தரவு பண்ண மாட்டேன்."

அவன் கார்க் கதவைத் திறந்தான்.

"கூலியா?" சேடிக் மாமா முதல்முறையாக எஞ்சினிலிருந்து தலையை வெளியே எடுத்தார். "முதல் தடவை நீ குறை சொன்னப்பவே ஓட்டிப் பார்த்தேன் தம்பி, ஒரு குறையும் இல்லை. அன்னிக்கும் சரி, அப்புறமும் சரி, நான் ஒரு ஸ்பிரிங்கையும் தொட்டதில்லை. காரைக் கழுவித் துடைச்சுத்தான் குடுத்திருக்கேன்."

தஷ்ரீக் நவாலைப் பார்த்தான். "ஆனா நீங்க... மூக்கு சரியாச்சு, இப்ப வால் துள்ளுதுன்னு நான் விளக்கினதெல்லாம் தலையாட்டிக் கேட்டீங்களே. ஏன் ஒரு தடவைகூட உண்மையைச் சொல்லலை?"

நவால் அவன் கையிலிருந்த சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"சொல்லியிருந்தா, அடுத்த சனிக்கிழமை எதைச் சொல்லிக்கிட்டு நீ வந்திருப்பே?"