சுபைதா மன்ஸில்

வாசலில் நாலு பேர்: பக்கீர் முகமது, மகன் ஷேக் தாவூத், மருமகள் ஷஹீதா, ஏணிமேல் பெயின்டர் சித்தன். பனி விலகிய வெயிலில், பக்கீர் முகமது தன் தாயின் நினைவாக வீட்டு முகப்பில் எழுதிவைத்த ‘சுபைதா மன்ஸில்’ என்ற பெயர்மீது வெள்ளைப் பெயின்ட் ஏறுகிறது. "காட்டேஜ்னு போட்டாத்தான் சீசனுக்கு வர்றவங்க வாடகைக்குக் கேப்பாங்க, அத்தா," என்கிறான் மகன். "நாம குடியிருக்கப்போற விறகுக் கொட்டாய்க்கு என்ன பேரு?" என்கிறார் பக்கீர் முகமது. "அவுட்ஹவுஸுங்க, அத்தா." ஷஹீதா பாய்ச்சுருளோடு பின்பக்கம் போகிறாள். "பெரியவரே, ஏணி ஆடுதுங்க, சித்தெ புடிங்க," என்கிறான் சித்தன். முதுகை வளைக்காமல் அவர் பிடித்துக்கொள்கிறார். வெள்ளைச் சொட்டு ஒன்று அவர் தொப்பியில் விழுகிறது, துடைக்கவில்லை. ‘சுபை’ மறைந்துவிட்டது. பெரியவர் வீட்டை விற்றுவிட்டார் என்று ஏற்காடு கடைத்தெருவில் பேச்சு. விற்கவில்லை. பட்டா இன்னும் அவர் பேரில்தான் இருக்கிறது.