கூடுதலாக ஒரு 'ரா'

மார்ச் 11, செவ்வாய்.

இன்று ஒரு குழந்தைக்கு 'யாரோ' என்று பெயர் வைத்துவிட்டேன்.

சிறிய தவறுதான். சிறியதா என்பதிலும் இப்போது சந்தேகம் வருகிறது. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

பகலில் எனக்குப் பிறப்புப் பதிவு அலுவலகத்தில் மூன்றாவது கவுண்டர். மாலையில் பிழைதிருத்த வகுப்பு. கவுண்டரில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்கள் சொல்லச் சொல்ல, இந்தப் பக்கம் நான் தட்டச்சு செய்ய வேண்டும். ஐந்து மணிக்கு அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டால் பெயர் கல்லில் வெட்டியது மாதிரி. அதன் பிறகு மாற்ற ஆறு மாதம் அலைய வேண்டும்.

பதினொன்றரைக்கு ஒரு மெக்கானிக் வந்தார். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். தேதி, நேரம், எடை என்று எதைக் கேட்டாலும் பேசாமல் தாளை எடுத்துக் காட்டினார். பெண் குழந்தையா என்று கேட்டதற்கு மட்டும் வாயைத் திறந்தார்.

"ஆ... ஆ... ஆமா."

பெயரை மட்டும் அவர் எழுதிக்கொண்டு வரவில்லை. கண்ணாடியின் ஓட்டைக்கு அருகே குனிந்து சொன்னார்.

'ஆரோ' என்று என் காதில் விழுந்தது. நடுவில் ஒரு 'ரா' கூடுதலாக விழுந்தது.

பாவம், திக்குகிறார், திரும்பச் சொல்லச் சொல்ல வேண்டாம் என்று நினைத்து அந்த 'ரா'வை எடுத்துவிட்டேன். மீதி இருந்தது 'ஆரோ'. அது பேச்சு வழக்கு, எழுத்தில் 'யாரோ' என்று வர வேண்டும். நேற்று வகுப்பில்தான் படித்தோம். அதையும் திருத்தினேன்.

இப்படி ஒரு பெயரா என்று கேட்டிருக்கலாம். ஆனால் எங்கள் கவுண்டரில் எதைக் கேட்பது? மூன்றாவது பிள்ளைக்கு 'முற்றும்' என்று பெயர் வைத்துவிட்டு, இரண்டே வருடத்தில் நான்காவதைத் தூக்கிக்கொண்டு வந்த தம்பதியை நானே பார்த்திருக்கிறேன். 'தொடரும்' வைக்கலாமே என்று பக்கத்துக் கவுண்டர் அக்கா வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினார்.

அச்சடித்த நகலைக் கையில் வாங்கிப் பார்த்ததும் மெக்கானிக்கின் முகம் மாறியது. "இ... இது... இ..." என்றார்.

"எல்லாம் சரியாத்தாண்ணா இருக்கு" என்று சொல்லி, அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

இதுவரை எழுதியதில் என்னை அதிகம் உறுத்துவது இந்த வரிதான்.

மதியச் சாப்பாட்டில் அக்காவிடம் சொன்னேன். அவருக்குப் புரையேறிவிட்டது.

"பள்ளிக்கூடத்துல 'யாரோ பெஞ்சை உடைச்சிட்டாங்க'ன்னு டீச்சர் சொன்னா, பாவம், இந்தப் புள்ளதான்டி மாட்டும்!"

நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தேன்.

நாலேகாலுக்கு மெக்கானிக்கின் மனைவி குழந்தையோடு வந்து நின்றார். பின்னால் அவர், தலையைக் குனிந்தபடி.

"ஏம்மா, எம் பொண்ணு என்ன ஊர் பேர் தெரியாதவளா? யாரோன்னு போட்டிருக்கே!"

வரிசையில் நின்ற நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். பேச்சு வழக்கு, எழுத்து வழக்கு என்று நான் விளக்க ஆரம்பித்தேன். எனக்கே அது உளறலாகக் கேட்டது.

"அதெல்லாம் இருக்கட்டும். நடுவுல 'ரா' எங்கம்மா போச்சு? அவ பேரு ஆராரோ."

தாலாட்டில் வருகிற ஆராரோ.

"சார் திக்கினாருன்னு நினைச்சு..." என்றேன். இந்த முறை எனக்குத் திக்கியது.

அந்த அம்மா திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"இவர் நாக்குல தடுக்காத பேரா வேணும்னு பத்து மாசம் தேடினோம்மா. இருநூறு பேர் எழுதி வச்சு ஒண்ணொண்ணா சொல்லிப் பார்த்தார். எதுவுமே முதல் எழுத்தைத் தாண்டல. இன்னைக்குக் காலையில, எழுதித் தரேன், கொண்டுபோய்க் குடுங்கன்னு சொன்னேன். 'வேணாம், நானே சொல்லிட்டு வரேன்'னு கிளம்பிட்டார்."

பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "கூப்பிடுங்களேன், கேக்கட்டும்."

அவர் எங்களைப் பார்க்கவில்லை. மனைவியின் தோளில் கிடந்த குழந்தையின் பக்கம் குனிந்து கூப்பிட்டார். தாலாட்டில் வருகிற அதே இழுப்போடு, மூன்று எழுத்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வந்தன.

எங்கும் திக்கவில்லை. காலையிலும் திக்கியிருக்க மாட்டார்.

குழந்தை கொட்டாவி விட்டது.

"இன்னொரு தடவை கூப்பிடுங்க தம்பி, எனக்குச் சரியாக் கேக்கல" என்றார் அக்கா. அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார். இந்த முறை கொஞ்சம் சத்தமாக.

மணி நாலரை. நான் மாடிக்கு ஓடினேன். அதிகாரி கையெழுத்துப் போட பேனா மூடியைத் திருகித் திறந்துகொண்டிருந்தார். பதிவு எண்ணைச் சொல்லி, தவறு என்னுடையது என்றேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு, அந்த ஒரு தாளை மட்டும் தனியே உருவி வைத்தார்.

வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதம். அது பரவாயில்லை.

நாளைக் காலை ஒன்பதரைக்கு அவர்களை வரச் சொல்லியிருக்கிறேன்: பதிவு எண் 318, பெயர்ப் பத்தியைத் திருத்தி எழுத வேண்டும். அச்சடித்ததும், கையில் கொடுக்கும் முன், தாளைக் கண்ணாடியில் வைத்து, பெயரை அவரையே உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும்.