மூக்கு மட்டும்

"மூக்குதான் சரியில்ல," என்றார் கான்ட்ராக்டர்.

ஓவியருக்குச் சுருக்கென்றது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பார். அந்த மூக்கைத்தான் அவர் ரசித்து ரசித்து வரைந்திருந்தார். நடுவில் லேசாக மேடு தட்டி, நுனியில் கொஞ்சம் அகன்று, எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த கான்ட்ராக்டர் மனைவியின் மூக்கு அச்சு அசலாகப் படத்தில் இறங்கியிருந்தது.

"சார், மேடத்தை ஒரு தடவை பாருங்க. அப்புறம் படத்தைப் பாருங்க. ஒரு நூல் பிசகியிருந்தா சொல்லுங்க."

கான்ட்ராக்டர் மனைவி பக்கம் திரும்பவே இல்லை. "இவளைத்தான் தினம் பாக்கறேனே. நான் படத்தைச் சொல்றேன். நடுவுல அந்த மேடு வேணாம். நுனியை ஒட்டப் புடிச்சு, கொஞ்சம் மேல தூக்குங்க."

"கல்யாணத்தன்னிக்கும் இதே மூக்குதான் இருந்துச்சு," என்றாள் மனைவி. "அன்னிக்கு இவருக்கு அது நல்லாத்தான் தெரிஞ்சுது."

"நீ அசையாம உக்காரு. அவரு வரையணும்ல."

ஓவியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தூரிகையை எடுத்தார். வசதியான வீடுகளில் படம் வரைகிறவருக்கு இதெல்லாம் பழகிப்போன தொல்லை. கன்னத்தைக் குறை, கழுத்தை நீட்டு என்று சொல்லாத மகராசனே கிடையாது. ஆனால் இந்த மனிதர் அவர்களுக்கெல்லாம் அண்ணன். நேர் முகம் ஒன்று, பக்கவாட்டு முகம் ஒன்று என்று இரண்டு படம் கேட்டிருந்தார். இரண்டும் நிஜ முகத்தின் அளவிலேயே இருக்க வேண்டுமாம்.

ஏன் என்று கேட்டதற்கு, "பிளான் கைக்கு வராம நான் எதையும் தொடமாட்டேங்க," என்று பதில் வந்தது. கட்டடம் கட்டுகிற புத்தி எங்கே போகும் என்று ஓவியரும் விட்டுவிட்டார்.

மேடு கரைந்தது. நுனி ஒடுங்கியது. கான்ட்ராக்டர் நாலடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுவருக்கு நூல் பிடிக்கிறவர் போலப் பார்த்தார்.

"வழிக்கு வருது. ஆனா துவாரம் ரெண்டும் இன்னும் பெருசாத் தெரியுது. மாட்டுக் கொட்டகை வாசல் மாதிரி."

மனைவி இருக்கும்போதே சொன்னார். ஓவியருக்குத்தான் கூச்சமாகப் போயிற்று. அந்த நேரம் பார்த்து போன் அடிக்க, கான்ட்ராக்டர் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மனைவி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். "அண்ணா, எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. அவரு வந்து கேட்டா, இந்த முகத்துக்கு அந்த மூக்கு ஒத்துவராதுன்னு சொல்லிடுங்க."

"நீங்களே சொல்லலாமேம்மா."

"நான் சொல்லி எதைக் கேட்டிருக்காரு? நீங்க தொழில் தெரிஞ்சவரு. நீங்க சொன்னா கேப்பாரு. இது எங்கப்பா மூக்குண்ணா. அவரு போனதுக்கப்புறம் கண்ணாடியில இதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஓவியருக்குப் பாவமாகத்தான் இருந்தது. "விடும்மா, ஒரு படம். இதுக்குப் போய் கண் கலங்கலாமா?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பால்கனிக் கதவு திறந்தது. அவள் பழையபடி சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஓவியர் துவாரங்களைச் சிறிதாக்கினார். பக்கவாட்டுப் படத்திலும் அதே திருத்தத்தைச் செய்தார். கான்ட்ராக்டர் இரண்டையும் அருகருகே வைத்து, தாடையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"இப்ப நீங்க சொல்லுங்க. எனக்காகச் சொல்லவேணாம், உள்ளதைச் சொல்லுங்க. இந்த மூக்கு இந்த முகத்துக்குப் பொருந்துதா? பொருந்தலைன்னா பழையபடியே விட்டுடலாம். எனக்கு ஒண்ணும் பிடிவாதம் இல்ல."

மனைவி ஓவியரையே பார்த்தாள். இமைகூட ஆடவில்லை.

பொருந்தவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் கான்ட்ராக்டர் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஹோட்டலுக்கு மாடிக்கு மாடி படம் தேவைப்பட்டது. படம் வரையக் கூப்பிட்ட அன்றே அதை ஓவியர் காதில் போட்டும் வைத்திருந்தார். அதோடு, உள்ளதைச் சொல்வதானால், வேண்டாவெறுப்பாக வரைந்த அந்த மூக்கு இப்போது ஓவியர் கண்ணுக்கே எடுப்பாகத் தெரிந்தது.

"கச்சிதமாப் பொருந்துது சார். நீங்க சொன்னப்புறம்தான் எனக்கே புரியுது. பழைய மூக்கு முகத்தையே கெடுத்துட்டிருந்துச்சு."

"பாத்தியா? தொழில் தெரிஞ்சவரே சொல்லிட்டாரு," என்றார் கான்ட்ராக்டர்.

மனைவி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

ஓவியருக்குச் சங்கடமாகிவிட்டது. "கோவிச்சுக்காதீங்க மேடம். கூடத்துல மாட்டிப் பாருங்க, வர்றவங்கல்லாம் அசந்துபோயிடுவாங்க," என்று சமாதானம் சொன்னார். சொல்லிக்கொண்டே தூரிகைகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

கான்ட்ராக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. இரண்டு படங்களையும் செல்போனில் எடுத்து யாருக்கோ அனுப்பினார். பிறகு அதே எண்ணை அழைத்தார்.

"டாக்டர், மூக்கு முடிவாயிடுச்சு. நாளைக்கே இவளுக்குக் கத்தி வெச்சுடலாம்."